ஒற்றைக் குறியில் ஒளியும் வழு

தமிழ் இலக்கண நூல்கள் பேச்சிலும் எழுத்திலும் நேரும் பிழையை வழு என்று அழைத்து, அதைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாகப் பகுத்து ஆராய்கின்றன. 'அவள் வந்தான்' என்று எங்கேனும் அச்சாகியிருந்தால், இலக்கணமே படிக்காதவர்கூட அந்த இடத்தில் இடறி நின்று, எழுதியவர் 'அவன்' என்று எழுத நினைத்தாரா, 'வந்தாள்' என்று எழுத நினைத்தாரா என்று யோசிப்பார். எழுவாயின் பாலைப் பெயர் ஒருமுறையும் வினைமுற்றின் விகுதி மறுமுறையும் சொல்வதால், இரண்டில் ஒன்று பிறழ்ந்தாலும் மற்றொன்று அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தேவைக்கு மேல் ஒருமுறை சொல்லப்படும் இந்த மிகைதான் மனிதர் பேசும் மொழிகளில் பிழைக்கு எதிரான காவல். இன்று தமிழில் கணினி பற்றி எழுதுவோர் மென்பொருளில் உள்ள கோளாற்றைக் குறிக்கவும் வழு என்னும் பழஞ்சொல்லையே எடுத்தாள்கின்றனர். ஆனால் பரவலாகப் புழங்கும் நிரல்மொழிகள் பலவற்றில் அத்தகைய காவல் மிகக் குறைவாகவே உள்ளது. அவற்றில் ஒரு குறி கூடினாலோ குறைந்தாலோ கிடைப்பது, பெரும்பாலும், வேறொரு பொருளைத் தருகின்ற, விதிப்படி முற்றிலும் சரியான இன்னொரு தொடராக இருந்துவிடுகிறது.

நிரல்மொழி ஒன்றில் எந்தெந்தச் சொற்களும் குறிகளும் எந்த வரிசையில் நின்றால் அது ஏற்கத்தக்க கட்டளையாகும் என்பதை வகுக்கும் விதிகளின் தொகுப்பே அம்மொழியின் தொடரியல். மனிதர் எழுதிய நிரலை எந்திரம் இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றும் தொகுப்பி, அதாவது கம்பைலர், முதலில் இந்த விதிகளின்படிதான் நிரலைச் சரிபார்க்கிறது. விதிக்குப் புறம்பானதைக் கண்டால் வரி எண்ணைச் சொல்லி அது வேலையை நிறுத்திவிடும். அவ்வாறு நிறுத்தப்படும் பிழையால் நிரலரின் நேரம் சில நிமிடங்கள் வீணாவதைத் தவிர வேறு கேடில்லை. விதிக்கு உட்பட்டும் நினைத்ததற்கு மாறாகவும் அமைந்துவிடும் பிழைதான் கேடு செய்கிறது, ஏனெனில் அது தொகுப்பியின் கண்ணில் பிழையே அன்று. அறிதல் உளவியலாளர் டொனால்ட் நார்மன் மனிதர் செய்யும் தவறுகளை இருவகையாகப் பிரித்தார்: செய்ய வேண்டியது இன்னதென்பதையே தவறாகப் புரிந்துகொள்வது ஒரு வகை, சரியாகவே நினைத்துச் செய்யும்போது கையோ கவனமோ சறுக்குவது மற்றொரு வகை. முன்னதற்குப் பயிற்சி மருந்தாகலாம். பின்னது நெடுநாள் பழகியவர்களுக்கும் நேரும், ஏனெனில் பழகிய வேலையைக் கை தன் போக்கில் செய்துகொண்டிருக்கும்போதுதான் சறுக்கல் நிகழ்கிறது. ஆகவே ஒரு நிரல்மொழியின் தொடரியலை மதிப்பிட விரும்புவோர், அதில் சரியாக எழுதுவது எவ்வளவு எளிது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அதில் எழுதுகையில் கை சறுக்கினால் என்ன நடக்கிறது என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடைதான் பெரும்பாலும் அச்சமூட்டுவதாக இருக்கிறது.

சமக்குறியின் வரலாறு இதற்கு முதன்மையான சான்று. வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்டு, 'இது இதற்குச் சமம்' என்று திரும்பத் திரும்ப எழுத நேர்வதைத் தவிர்ப்பதற்காக, 1557-இல் வெளியிட்ட தம் நூலில் ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைக் குறியாக இட்டார். அன்று முதல் இன்றுவரை பள்ளிக் கணிதத்தில் அக்குறி ஓர் உண்மையைக் கூறும் குறியாகவே இருந்துவருகிறது. நிரலிலோ இரண்டு தனித்தனி வேலைகளுக்குக் குறி தேவைப்படுகிறது. பெயரிடப்பட்ட நினைவக இடமாகிய மாறியில் ஒரு மதிப்பைக் கொண்டுபோய் வைப்பது, அதாவது மதிப்பிருத்தல், ஒன்று. இரண்டு மதிப்புகள் சமமா என்று பார்ப்பது மற்றொன்று. முன்னது கட்டளை, பின்னது வினா. 1960-இல் வரையறுக்கப்பட்ட அல்கால் மொழி, கட்டளைக்கு := என்ற கூட்டுக்குறியையும் வினாவுக்கு = என்ற பழைய குறியையும் ஒதுக்கி, கணிதம் படித்தவர்களின் பழக்கத்தோடு முரண்படாமல் நின்றது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், பிசிபிஎல் என்ற மொழியைச் சுருக்கிப் பி மொழியை உருவாக்கியபோது, ஒற்றைச் சமக்குறியை மதிப்பிருத்தலுக்குக் கொடுத்துவிட்டு, ஒப்பீட்டுக்கு == என்ற இரட்டைக் குறியை வைத்தார். நிரல்களில் மதிப்பிருத்தல் ஒப்பீட்டைவிட அடிக்கடி வருகிறது, அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறி தகும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் உருவாக்கிய சி மொழி இந்த ஏற்பாட்டை அப்படியே பெற்றுக்கொள்ள, சி-யின் வழிவந்த சி++, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி முதலியவை அதை உலகெங்கும் பரப்பின. இது சுவை பற்றிய முடிவு என்றும் அதுபற்றிய சர்ச்சை ஓயவில்லை என்றும் ரிட்சியே பிற்காலத்தில் எழுதினார்.

குறி மாற்றம் மட்டும் இவ்வளவு கேட்டை விளைவித்திருக்காது. சி மொழியின் வேறு இரண்டு விதிகள் அதனோடு சேர்ந்துகொள்கின்றன: மதிப்பிருத்தல் என்ற செயலே ஒரு மதிப்பையும் தரும் என்பது ஒன்று, நிபந்தனை நிற்க வேண்டிய இடத்தில் எந்த எண் நின்றாலும், சுழியமானால் பொய், மற்றதெல்லாம் மெய் என்று கொள்ளப்படும் என்பது மற்றொன்று. கிடங்கில் ஒரு பொருள் தீர்ந்துவிட்டால் அறிவிப்பு அனுப்பும் நிரல் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். மொழியின் சிறப்புச்சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் அந்த வரி இப்படி இருக்கும்:

இஃப் (கையிருப்பு == 0) அறிவிப்பு();

இதில் ஒரு சமக்குறி விடுபட்டு,

இஃப் (கையிருப்பு = 0) அறிவிப்பு();

என்று அமைந்துவிட்டால், கையிருப்பு 25 ஆக இருந்தாலும் அந்த வரி ஓடும்போது அது அழிந்து 0 ஆகிறது; மதிப்பிருத்தலின் விளைவாக வரும் மதிப்பும் 0 ஆதலால் நிபந்தனை பொய்யாகி அறிவிப்பும் போகாமல் நின்றுவிடுகிறது. வினவப்போன இடத்தில் கட்டளை நிறைவேறுவதோடு, அது நிறைவேறியதற்கான தடயமும் இல்லாமல் போகிறது. தொகுப்பிக்கோ இரண்டு வரிகளும் ஒன்றுபோலவே குறையற்றவை.

இந்த ஒற்றைக் குறி மனிதக் கண்ணை எவ்வளவு எளிதாகக் கடந்துபோகும் என்பதற்கு, அதைத் தெரிந்தே பயன்படுத்திய ஒருவரின் முயற்சியைவிட வலுவான சான்று இல்லை. 2003 நவம்பரில் லினக்ஸ் இயக்குதளத்தின் மூலநிரலின் நகல் வைக்கப்பட்டிருந்த ஒரு சேமிப்பகத்தில் யாரோ இரண்டு வரிகளைச் சேர்த்திருந்தனர். ஒரு நிரல் தன் கிளை நிரல் முடிவதற்காகக் காத்திருக்கும் செயற்கூற்றில், அதாவது ஃபங்ஷனில், வழக்கமாக யாரும் சேர்த்துத் தராத இரண்டு தேர்வுகள் தரப்பட்டு, அழைத்த பயனரின் எண்ணும் 0 ஆக இருந்தால் பிழைக்குறியைத் திருப்பு என்று பொருள்படுவதுபோல் அந்த வரிகள் தோன்றின. லினக்ஸில் 0 என்பது முழு அதிகாரம் பெற்ற முதன்மைப் பயனரின் எண். ஆனால் அந்த இடத்தில் இருந்தது இரட்டைச் சமக்குறி அன்று, ஒற்றைச் சமக்குறி. எனவே அந்த இரண்டு தேர்வுகளோடு அச்செயற்கூற்றை அழைக்கத் தெரிந்த எந்தச் சாதாரணப் பயனரும் அந்தக் கணமே முதன்மைப் பயனராகிவிடுவார். நிபந்தனை பொய்யாவதால் பிழைக்குறியும் திரும்பாது. முதன்மைச் சேமிப்பகத்தில் பதிவாகாத மாற்றம் நகலில் மட்டும் இருந்ததை அதன் பராமரிப்பாளர்கள் கவனித்ததால் அது வெளிப்பட்டது. லினக்ஸின் முதன்மை நிரலுக்குள் அது நுழையவில்லை. செய்தவர் யாரென்று கண்டறியப்படவே இல்லை. அந்த வரியை யாராவது படித்திருந்தாலும் சாதாரணக் கைப்பிழை என்றுதான் எண்ணியிருப்பர் என்பதே அதன் மறைப்பாக இருந்தது. தீங்கு நினைத்தவர் ஒருவர் தம் ஆயுதத்தை மொழியின் தொடரியலிலிருந்தே எடுத்துக்கொள்ள முடிந்தது என்பது அம்மொழியின் மீதான கடுமையான குற்றச்சாட்டு.

பின்வந்த மொழிகள் இந்த வாயிலைப் பல வழிகளில் அடைத்தன. ஜாவாவில் நிபந்தனையின் இடத்தில் மெய், பொய் என்ற வகை மட்டுமே நிற்கலாம் என்பதால் மேற்கண்ட கிடங்கு வரியைத் தொகுப்பியே தள்ளிவிடுகிறது. பைத்தான் நிபந்தனைக்குள் ஒற்றைச் சமக்குறியை ஏற்பதே இல்லை. 2019-இல் வந்த அதன் 3.8 பதிப்பில், நிபந்தனைக்குள்ளேயே மதிப்பிருத்தும் வசதியைச் சேர்க்க முடிவானபோதும், அதற்குச் சமக்குறியைத் தராமல் அல்கால் மொழியின் := குறியையே திரும்பக் கொண்டுவந்தனர். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் சரியாக எடுக்கப்பட்டிருந்த ஒரு முடிவுக்கு அந்த அளவில் துறை திரும்பி வந்திருக்கிறது.

அடுத்த சிக்கல், ஒரு நிபந்தனையின் ஆட்சி எதுவரை செல்கிறது என்பது. சி மொழியில் நிபந்தனைக்குப் பின் ஒரே ஒரு கட்டளை வந்தால் நெளிவு அடைப்புக்குறி இட வேண்டியதில்லை. பல கட்டளைகள் வந்தால் அவற்றை அடைப்புக்குறிக்குள் சேர்க்க வேண்டும். கண்ணுக்குத் தெளிவாக இருக்கட்டும் என்று நிபந்தனைக்கு உட்பட்ட வரிகளைச் சற்று உள்ளே தள்ளி எழுதுவது நிரலர்களின் மரபு. ஆனால் அந்த உள்தள்ளல் படிக்கும் மனிதருக்கு மட்டுமே உரியது, தொகுப்பி அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே ஒரே பக்கத்தை மனிதர் இடைவெளியைக் கொண்டும் எந்திரம் அடைப்புக்குறியைக் கொண்டும் படிக்கின்றனர். இரண்டும் ஒத்துப்போகும்வரை தொல்லையில்லை, ஒத்துப்போகாத இடத்தில் மனிதர் தாம் கண்டதையே நம்புவார்.

ஆப்பிள் நிறுவனத்தின் கருவிகளில் 2014 பிப்ரவரியில் வெளிப்பட்ட பிழை இதனால் விளைந்தது. இணையத்தில் ஒரு வங்கியின் தளத்தோடு தொடர்புகொள்ளும் கைபேசி, மறுமுனையில் இருப்பது உண்மையாகவே அந்தத் தளம்தானா என்பதை எண்முறைக் கையொப்பத்தின் மூலம் சரிபார்க்க வேண்டும். அதற்கான செயற்கூற்றில் பல படிகள் இருந்தன. ஒவ்வொரு படியும் தவறினால் 'ஃபெயில்' என்று பெயரிடப்பட்ட முடிவுப் பகுதிக்குத் தாவிவிடும்படி எழுதப்பட்டிருந்தது. அப்படிகளில் ஒன்று, சுருக்கிச் சொன்னால், இவ்வாறு இருந்தது:

இஃப் (பிழை != 0)
        கோட்டூ ஃபெயில்;
        கோட்டூ ஃபெயில்;

இரண்டாவது தாவல் வரி எப்படியோ இருமுறை பதிந்துவிட்ட வரி. உள்தள்ளலைப் பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் நிபந்தனைக்கு உட்பட்டவை. அடைப்புக்குறி இல்லாததால் தொகுப்பிக்கு முதல் வரி மட்டுமே நிபந்தனைக்கு உட்பட்டது, இரண்டாவது வரி எந்த நிபந்தனையும் இன்றி எப்போதும் நிறைவேறுவது. அதன் விளைவாக, எல்லாப் படிகளிலும் முக்கியமான கையொப்பச் சோதனைக்குச் செல்லாமலேயே செயற்கூறு முடிவுக்குத் தாவியது. அந்தக் கணத்தில் பிழை என்ற மாறியில் இருந்தது 0, அதாவது எல்லாம் சரி என்பதன் அடையாளம், ஆதலால் சோதிக்கப்படாத கையொப்பம் சோதனையில் தேறியதாக அறிவிக்கப்பட்டது. பொது இணைப்பு ஒன்றில் இடையே அமர்ந்திருக்கும் எவரும் வங்கித் தளம்போல நடித்துக் கடவுச்சொற்களைப் பெற்றிருக்க முடியும். 2014 பிப்ரவரி 21 அன்று ஐபோன்களுக்குத் திருத்தம் வெளியாகி, சில நாள்களில் அந்நிறுவனத்தின் கணினிகளுக்கும் வந்தது. வரி எழுதியவரின் கவனக்குறைவு என்று சொல்லி இதை முடித்துவிடுவது எளிது. ஆனால் ஒரு வரி இருமுறை பதிவது எந்தத் தட்டச்சிலும் நேரக்கூடியது. நிபந்தனைக்குப் பின் அடைப்புக்குறியைக் கட்டாயமாக்கும் கோ, ரஸ்ட், ஸ்விஃப்ட் போன்ற மொழிகளில் இதே வரி இருமுறை பதிந்திருந்தால், அது அடைப்புக்குறிக்குள் சிக்கிப் பயனற்ற வரியாகக் கிடந்திருக்கும், பாதுகாப்பு உடைந்திருக்காது.

அல்கால் காலத்திலேயே இதன் நெருங்கிய உறவான இன்னொரு சிக்கல் தெரிந்திருந்தது. நிபந்தனைக்குள் இன்னொரு நிபந்தனையை எழுதி, பின்னர் 'இல்லையேல்' என்று ஒரு பகுதியை எழுதினால், அது வெளி நிபந்தனையைச் சேருமா உள் நிபந்தனையைச் சேருமா என்ற ஐயம் எழும். தொங்கும் 'எல்ஸ்' என்று இதைக் குறிப்பர். மிக அருகிலுள்ள நிபந்தனையையே சேரும் என்று சி மொழி விதித்துக்கொண்டது, ஆனால் எழுதியவர் மனத்தில் நினைத்ததை அவ்விதி அறியாது. அல்கால் 68, அடா முதலிய மொழிகள் ஒவ்வொரு நிபந்தனையையும் முடிப்பதற்கென்றே ஒரு சொல்லை வைத்து இந்த ஐயத்தை வேரோடு அகற்றின. தமிழில் நிரல் எழுதுவதற்காக முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியும், தமிழ்த் தொடரின் இயல்புப்படி நிபந்தனையை முன்னும் 'ஆனால்' என்ற சொல்லைப் பின்னும் வைத்து, தொகுதியை 'முடி' என்ற சொல்லால் அடைக்கிறது. பைத்தான் வேறு வழியில் சென்றது: மனிதர் எதைப் பார்த்துப் படிக்கிறாரோ அந்த உள்தள்ளலையே தொகுதியின் எல்லையாக்கி, கண்ணுக்கும் எந்திரத்துக்கும் ஒரே சான்றைக் கொடுத்துவிட்டது. இதிலும் இடர் இல்லாமல் இல்லை. தாவல் விசையால் வரும் இடைவெளியும் இடவெளி விசையால் வரும் இடைவெளியும் திரையில் ஒன்றுபோலத் தெரிந்து உள்ளே வேறுபட்டதால் நேர்ந்த குழப்பத்தைத் தவிர்க்க, 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பு இரண்டையும் ஐயத்துக்கு இடமாகக் கலப்பதைத் தடை செய்தது. கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் மடக்குக்குள் இருக்க வேண்டிய வரியை ஒரு படி வெளியே எழுதிவிட்டால் பொருள் மாறிவிடும் என்பது இன்றும் உண்மையே. எனினும் அந்தப் பிழை திரையில் கண்ணுக்குத் தெரியும் பிழை என்பதால் பைத்தானின் வழியே மேலானது என்று கொள்ளலாம்.

அதே பைத்தான், சி-யிடமிருந்து பெற்ற ஒரு பழைய வழக்கத்தால் வேறோர் இடத்தில் சறுக்கலுக்கு வழிவிடுகிறது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சரங்களை, அதாவது மேற்கோள் குறிக்குள் அமைந்த எழுத்துத் தொடர்களை, அது தானாகவே ஒட்டி ஒன்றாக்கிவிடும். நீண்ட வாசகத்தைப் பல வரிகளாக உடைத்து எழுத இது உதவும் என்பது உண்மைதான். ஆனால் ஊர்ப் பெயர்களின் பட்டியல் ஒன்றை எழுதுபவர்,

ஊர்கள் = ["சென்னை", "மதுரை" "திருச்சி", "கோவை"]

என்று நடுவில் ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டால், நான்கு ஊர்கள் இருக்க வேண்டிய பட்டியலில் மூன்று மட்டுமே இருக்கும். அவற்றுள் ஒன்று 'மதுரைதிருச்சி' என்ற, உலகில் இல்லாத ஊர். பிழைச் செய்தி எதுவும் வராது. மதுரையைத் தேடுபவருக்கு அது பட்டியலில் இல்லை என்ற விடை கிடைக்கும்போதுதான், அதுவும் எங்கோ தொலைவில், கோளாறு தலைகாட்டும். ஜாவாஸ்கிரிப்ட்டிலும் இதுபோன்ற உதவும் நோக்குடைய விதி ஒன்று உண்டு: வரியின் முடிவில் அரைப்புள்ளி விடுபட்டால் சில இடங்களில் மொழியே அதை இட்டுக்கொள்ளும். செயற்கூற்றிலிருந்து மதிப்பைத் திருப்பி அனுப்பும் 'ரிட்டர்ன்' என்ற சொல்லை எழுதிவிட்டு, மதிப்பை அடுத்த வரியில் எழுதினால், முதல் வரியோடு கட்டளை முடிந்ததாகக் கொண்டு அது வெறுங்கையோடு திரும்பிவிடும்.

உதவுவதற்காக வைத்த விதியே பிழைக்கு வழியாவது நிரல்மொழிகளின் வரலாற்றின் தொடக்கத்திலேயே நிகழ்ந்திருக்கிறது. ஜான் பாக்கஸ் தலைமையில் ஐபிஎம் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழி, நிரலில் உள்ள இடைவெளிகளைக் கணக்கில் கொள்வதில்லை. கையால் எழுதிய தாளைப் பார்த்து அட்டைகளில் துளையிடுவோர் இடைவெளிகளைச் சரியாக எண்ண முடியாமல் தவறிழைத்ததால், அவர்களின் பிழைகள் கெடுதல் செய்யாதிருக்கட்டும் என்றே அவ்விதி வைக்கப்பட்டது. அம்மொழியில் 'டூ 5 கே = 1, 3' என்பது கே என்ற மாறி 1 முதல் 3 வரை மாற, 5 என்று எண்ணிட்ட வரிவரை உள்ள கட்டளைகளைத் திரும்பச் செய் என்று பொருள்படும் மடக்கு. காற்புள்ளிக்குப் பதில் புள்ளி விழுந்து 'டூ 5 கே = 1.3' என்றாகிவிட்டால், இடைவெளிகள் நீங்கி 'டூ5கே' என்ற ஒரே பெயராகி, அப்பெயருடைய மாறியில் 1.3 என்ற மதிப்பை வை என்ற கட்டளையாகிவிடும். மாறிகளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டியதில்லை என்ற இன்னொரு சலுகையால், அப்படி ஒரு மாறி உண்டா என்று தொகுப்பி கேட்பதும் இல்லை. அமெரிக்காவின் நாசா அமைப்பில், மனிதரை விண்ணுக்கு அனுப்பிய மெர்க்குரித் திட்டக் காலத்தில், சுற்றுப்பாதையைக் கணக்கிடும் நிரல் ஒன்றில் இதே பிழை இருந்தது; கணக்கின் துல்லியம் போதாமல் இருப்பதைக் கண்டு தேடியபோது அது அகப்பட்டுத் திருத்தப்பட்டது. 1962 சூலை 22 அன்று ஏவப்பட்டு அழிக்கப்பட்ட மரைனர் 1 விண்கலம் இந்தப் புள்ளியால்தான் அழிந்தது என்று பல நூல்கள் எழுதிவருவது சரியன்று. அந்தக் கலத்தின் இழப்போடு தொடர்புடையது, வழிகாட்டுச் சமன்பாட்டில் ஒரு குறியீட்டின் தலைமேல் இருக்க வேண்டிய சிறு கோடு விடுபட்டது.

செயற்குறிகளின் முன்னுரிமையிலும் இதே கதைதான். பெருக்கலைக் கூட்டலுக்கு முன் செய்ய வேண்டும் என்பது கணிதத்தில் ஓர் ஒழுங்கு; நிரல்மொழிகளில் குறிகள் மிகப் பலவாதலால் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு படிநிலை வகுக்கப்படுகிறது. சி மொழியில் & என்ற குறி இரண்டு எண்களின் இருமஇலக்கங்களை ஒப்பிட்டு இரண்டிலும் பொதுவாக 1 உள்ளவற்றை மட்டும் எடுத்துத் தரும். 'நிலை & முகமூடி == 0' என்று எழுதுபவர், முதலில் பொது இலக்கங்களை எடுத்து, பின்னர் அது 0 ஆ என்று பார்க்கவே விரும்புவார்; மொழியோ 'முகமூடி == 0' என்பதை முதலில் கணித்துவிட்டு அதன் விடையை நிலையோடு சேர்க்கும். முன்னோடியான பி மொழியில் 'இதுவும் அதுவும் மெய்யா' என்று கேட்கும் வேலையையும் & குறியே செய்துவந்தது; அந்த வேலைக்கு ஒப்பீட்டைவிடத் தாழ்ந்த இடம் பொருத்தமே. பின்னர் சி-யில் அவ்வேலைக்கென்று && என்ற தனிக்குறி வந்தபோது, ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த நிரல்கள் கெடாதிருக்க & குறி பழைய இடத்திலேயே விடப்பட்டது. அன்று அதை இடம் மாற்றியிருக்கலாம் என்று ரிட்சி பிற்காலத்தில் எழுதினார். அன்று காப்பாற்றப்பட்ட நிரல்கள் மிகச் சில. அதன்பின் அந்த விதியோடு எழுதப்பட்டவற்றுக்கோ கணக்கில்லை. பைத்தானும் கோவும் அந்த இடத்தை மாற்றின. ஜாவாஸ்கிரிப்ட்டும் பிஎச்பியும் மாற்றவில்லை.

ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை தருவதன் விளைவை 1990 சனவரி 15 காட்டியது. சி மொழியில் பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 'ஸ்விட்ச்' அமைப்பிலிருந்து வெளியேறவும் மடக்கிலிருந்து வெளியேறவும் 'பிரேக்' என்ற ஒரே சொல்தான். ஸ்விட்ச் அமைப்பின் உள்ளே ஒரு நிபந்தனைக்குள் எழுதப்பட்ட அச்சொல், நிபந்தனையை விட்டு மட்டும் வெளியேறாமல் ஸ்விட்ச் முழுவதையும் விட்டு வெளியேறியதால், அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் 114 தொலைதூர இணைப்பகங்கள் ஒன்றையொன்று தொடர்ந்து நிலைகுலைத்து, அந்நாட்டின் தொலைதூர அழைப்புகள் பெருமளவில் ஏறத்தாழ 9 மணி நேரம் முடங்கின.

இத்தகைய நிகழ்ச்சிகள் தனித்தனியானவை. தொடரியல்தான் காரணம் என்பதை உறுதிப்படுத்தச் சோதனைகள் தேவை. ஜான் கானன், ஜேம்ஸ் ஹார்னிங் ஆகியோர் 1975-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் தொடக்ககாலச் சோதனைகளில் ஒன்று. ஒரே மொழியின் இரு வடிவங்களை மாணவர்களிடம் கொடுத்து அவர்கள் பார்த்த வேறுபாடுகளில் ஒன்று அரைப்புள்ளி பற்றியது: பாஸ்கலில் உள்ளதுபோல அது இரண்டு கட்டளைகளுக்கு இடையே நிற்கும் பிரிப்பானாக இருந்தபோது மாணவர்கள் தவறிய அளவுக்கு, ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் நிற்கும் முற்றுக்குறியாக இருந்தபோது தவறவில்லை. கடைசிக் கட்டளைக்கு மட்டும் விலக்கு என்ற ஒரு சிறு நுணுக்கம் அத்தனை பிழைகளுக்கு இடம் தந்தது. பின்னர் அடா மொழி அரைப்புள்ளியை முற்றுக்குறியாகவே வைத்தது. ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக்கும் சூசன்னா சீபெர்ட்டும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் துணிவானது. முன்பின் நிரல் எழுதாதவர்களிடம் ஆறு மொழிகளைக் கொடுத்தனர். அவற்றுள் ராண்டமோ என்பது, குறிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து வைத்த ஒரு போலி மொழி. சி-யின் தொடரியல் மரபைப் பின்பற்றிய ஜாவாவையும் பெர்ல் மொழியையும் பயன்படுத்தியவர்கள், குலுக்கலில் வந்த குறிகளோடு எழுதியவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் சரியாக எழுதவில்லை. பைத்தான், ரூபி, குவோரம் ஆகியவற்றைப் பயன்படுத்தியவர்கள் எழுதினர். முதல் அறிமுகத்தில் புதியவர்கள் எழுதியதை அளந்த சோதனை இது என்பதால், தேர்ந்த நிரலர்களுக்கும் இது பொருந்தும் என்று நீட்டிச் சொல்வது முறையாகாது.

புதியவர்களின் பிழைகள் எங்கே தங்கிவிடுகின்றன என்பதை நீல் பிரவுனும் அம்ஜத் அல்தாத்ம்ரியும் பேரளவில் பார்த்தனர். ப்ளூஜே என்ற கற்பித்தல் மென்பொருளின் வழியே ஜாவா பயின்ற இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் 3.7 கோடி முறை தொகுப்பியை இயக்கியபோது திரண்ட தரவை அவர்கள் ஆராய்ந்தனர். அடைப்புக்குறிகள் பொருந்தாமல் போவதே மிக அதிகமாக நேர்ந்த பிழை, ஆனால் தொகுப்பி உடனே சுட்டிவிடுவதால் மாணவர்கள் அதை விரைவில் திருத்திக்கொண்டனர். மிக நீண்ட நேரம் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று, இரண்டு சரங்களை == குறியால் ஒப்பிடுவது: ஜாவாவில் அக்குறி எண்களுக்குச் சமமா என்று பார்க்கும், சரங்களுக்கோ இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருளா என்று மட்டும் பார்க்கும்; எழுத்துக்கள் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேறொரு செயற்கூற்றை அழைக்க வேண்டும். எழுதியது விதிப்படி சரி, நிரலும் ஓடுகிறது, விடை மட்டும் சிலபோது தவறாக வருகிறது என்ற நிலையில் ஒரு மாணவர் தம் அறிவையே ஐயுறத் தொடங்குவார். மாணவர்கள் எந்தப் பிழையை அதிகம் செய்வார்கள் என்று ஆசிரியர்கள் கணித்தவை இந்தத் தரவோடும் பொருந்தவில்லை, ஒருவர் கணிப்போடு இன்னொருவர் கணிப்பும் பொருந்தவில்லை என்பதையும் அவ்விருவரின் முந்தைய ஆய்வு காட்டியிருந்தது.

உலகில் இயங்கிக்கொண்டிருக்கும் சி நிரல்களைக் கைவிட முடியாது. அவற்றின் தொடரியலையும் இனி மாற்ற இயலாது. அதனால் பழைய மொழிகளின் தொகுப்பிகள், விதி அனுமதித்தாலும் ஐயத்துக்கிடமான வரியைக் கண்டால் எச்சரிக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டன. நிபந்தனைக்குள் ஒற்றைச் சமக்குறி இருந்தால் ஜிசிசி தொகுப்பி எச்சரிக்கும். 2016-இல் வந்த அதன் ஆறாம் பதிப்பு முதல், உள்தள்ளல் ஒன்றைச் சொல்ல அடைப்புக்குறி வேறொன்றைச் சொல்லும் இடங்களையும் அது சுட்டுகிறது. ஆனால் கேட்டால்தான் அவற்றைச் சொல்லும். தமிழ்நாட்டின் மேல்நிலைப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் சி++ மொழியும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் கற்பிக்கப்படுகின்றன. ஓராண்டு அடைப்புக்குறியிலும் மறு ஆண்டு உள்தள்ளலிலும் கை பழக வேண்டிய அந்த மாணவர்களுக்கு, தொகுப்பியின் எச்சரிக்கைகள் அனைத்தையும் இயக்கி வைத்துவிட்டே முதல் நிரலை எழுதக் கற்றுத்தர வேண்டும். சமக்குறி ஒன்று குறைந்ததற்காக ஒரு மாணவரின் மதிப்பெண்ணைக் குறைக்கும் ஆசிரியர், அந்தக் குறி அவ்விடத்தில் ஏன் அப்படி இருக்கிறது என்பதையும் அவருக்குச் சொல்லித்தர வேண்டும்.